வீட்டை ஏற்றிய லொறியும் வழி மறிக்கும் வானிலையும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் குடிபெயரும்போது, வீட்டுத் தளபாடங்களைக் கொண்டுசெல்வதற்குச் சாரதியையும் கூலியாளையும் எப்போதும் தேடுவதில்லை. பெரிய பெட்டி போன்ற மூடிய உடல் பொருத்திய லொறியொன்றைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, கட்டிலையும் அலுமாரியையும் சமையற் பாத்திரங்களையும் தாமே ஏற்றி, குடும்பத் தலைவனோ தலைவியோ தாமே ஓட்டிச் செல்லுதல் அங்கே பெருவழக்கு. 1945ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் லெனார்ட் ஷோன் என்பவர் தொடங்கிய ‘யூ-ஹால்’ நிறுவனம், ஓரூரில் எடுத்த இழுவைப் பெட்டியை வேறோர் ஊரில் ஒப்படைக்கலாம் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் இழுவைப் பெட்டிகளோடு லொறிகளும் சேர்ந்தன, வழக்கமும் வேரூன்றிவிட்டது.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாகனத்துக்கென விதிக்கப்பட்ட முழு நிறை 26,001 இறாத்தலை எட்டாவிடின், அதனை ஓட்டுவதற்குத் தொழிற்சாரதிக்குரிய தனி அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஆகவே, வாடகைக்கு விடப்படும் மிகப் பெரிய லொறியும் இவ்வெல்லைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தப்படுகிறது. நேற்றுவரை சிறு காரைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத ஒருவர், இன்று 26 அடி நீளப் பெட்டியைச் சுமந்த லொறியின் சுக்கானைப் பிடித்து நாட்டின் மறுகரையை நோக்கிப் புறப்படலாம். தொழிற்சாரதி ஒருவர் பத்து மணிநேர ஓய்வின் பின்னர் பதினொரு மணிநேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்று அந்நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தன் வீட்டுச் சாமானைத் தானே கொண்டுசெல்பவரை அவ்விதி தொடுவதில்லை. பழக்கமில்லாதவருக்குக் கட்டுப்பாடும் இல்லை என்பது விந்தையான நிலைமைதான்.

செல்ல வேண்டிய தொலைவோ சிறிதன்று. அத்திலாந்திக் கரையை அடுத்த நியூ யேர்சியிலிருந்து பசிபிக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ வரை செல்லும் 80ஆம் இலக்கப் பெருந்தெரு ஏறக்குறைய 2,900 மைல் நீளமுடையது. பருத்தித்துறை முனையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் சுமார் 270 மைல் என்பதை நினைவிற் கொண்டால், அதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட வழி இது என்பது விளங்கும். 1919ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையின் லொறி அணியொன்று தலைநகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்ல 62 நாட்கள் எடுத்தது. அவ்வணியிற் சென்ற இளம் அதிகாரி ஐசனோவர், பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1956ஆம் ஆண்டிலே மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களுக்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். அப்பெருந்தெருக்களின் பயனாக 62 நாள் ஐந்தாறு நாளாகச் சுருங்கியது. சுருங்காதிருப்பது வழியிலுள்ள வானம் ஒன்றே. புறப்படும்போது வெயில் காய்ந்தாலும், நடுவழியில் இடியும் ஆலங்கட்டியும், அதற்கப்பால் பனிப்புயலும் ஒரே பயணத்தில் எதிர்ப்படுதல் கூடும்.

இத்தகைய பயணத்தில் நேரும் இடர்களைத் துருவிப் பார்த்தால், அவற்றுட் பலவற்றின் வேர் புயலில் இல்லை, நாட்காட்டியிலே இருக்கிறது எனலாம். பழைய வீட்டின் திறப்பை மாதக் கடைசியில் ஒப்படைத்தாயிற்று. புதிய வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. லொறியைச் சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்; பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று மேலதிக வாடகை. இவ்வளவும் தலைக்குள் சுழன்றுகொண்டிருக்க, எதிரே வானம் கறுத்தால், “இன்னும் நாற்பது மைல்தானே, போய்விடலாம்” என்று மனம் சொல்லும். அனுபவமுள்ள சாரதி இந்த இடத்திலேதான் லொறியை ஓரங்கட்டி நிறுத்துவார். பயணத்திட்டம் வகுக்கும்போதே ஒன்றிரண்டு நாட்களை வானிலைக்கென ஒதுக்கி வைப்பதும், ஒரு நாளுக்குரிய மேலதிக வாடகையைச் செலவுக் கணக்கிலே முன்கூட்டி எழுதிவிடுவதும் இதற்கு நல்ல மருந்து. செலவென்று எழுதிவிட்ட பணத்தைக் காப்பாற்றுவதற்காக எவரும் புயலுக்குள் ஓட்டமாட்டார்.

லொறியின் இயல்பை அடுத்து நோக்கலாம். சோளகக் காற்று வீசும் காலத்திலே ஆனையிறவு வெளியில் வைக்கோல் ஏற்றிய லொறி ஒன்று தள்ளாடிச் செல்வதைக் கண்டவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பெட்டி லொறியின் பக்கச் சுவர் ஒரு பாய்மரம். 26 அடி நீளமும் எட்டடி உயரமுமுள்ள சுவரின் பரப்பு இருநூறு சதுர அடிக்கு மேல். மணிக்கு 30 மைல் வேகத்திற் பக்கவாட்டில் வீசும் காற்று அச்சுவரை ஏறக்குறைய ஐந்து அந்தர் நிறையளவு விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளுதல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகவே 60 மைல் காற்றிலே அது இருபது அந்தர், அதாவது ஒரு டன். வெறும் லொறியின் நிறை ஐந்தரை டன்னளவு. காய்ந்த சாலையில் ரயர்களின் பிடி இத்தள்ளுதலைத் தாங்கும். பனிக்கட்டி படர்ந்த சாலையிலோ ரயரின் பிடி வாகன நிறையில் பத்திலொரு பங்காகக் குறைந்துவிடும். அரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட பிடி, ஒரு டன் தள்ளுதலை எவ்வாறு தடுக்கும்? லொறி கவிழாமலே, நின்ற நிலையில் பக்கமாக வழுக்கிச் செல்வது இதனாலேயே.

இதிலிருந்து வீடு மாறுவோர்க்குப் பயன்படும் முடிவொன்று கிடைக்கிறது. “இடம் மிஞ்சினாலும் பாதகமில்லை” என்று தேவைக்கு மேல் பெரிய லொறியை எடுப்பது புத்தியன்று. அரைச்சுமையோடு செல்லும் பெரிய பெட்டி, முழுச்சுமையோடு செல்லும் சிறிய பெட்டியிலும் பார்க்கக் காற்றுக்கு எளிதிற் பணியும். சாமான்களை ஏற்றும் ஒழுங்கும் முக்கியமானது. புத்தகப் பெட்டிகள், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி முதலிய பாரமானவை சாரதியின் முதுகுப்புறச் சுவரோடு ஒட்டி, அடித்தட்டில், இடமும் வலமும் சமனாக இருத்தல் வேண்டும். பாரம் பின்னச்சுக்கு அப்பாற் குவிந்தால் முன் சக்கரங்கள் இலேசாகிச் சுக்கானுக்குக் கட்டுப்படா. கயிற்றினாற் கட்டாத அலுமாரி, திடீரென்று திரும்பும் வேளையில் ஒரு பக்கம் சரிந்து, காற்று தொடங்கிய வேலையை முடித்துவைக்கும். கம்பளங்களும் போர்வைகளும் மெத்தைகளோடு சேர்ந்து பெட்டிக்குள் அடைபட்டுப்போவது பலர் செய்யும் பிழை. அவற்றுட் சில, குடிநீர், உணவு, கைவிளக்கு, மண்வாரி ஆகியவற்றோடு சாரதியின் அருகே இருத்தல் வேண்டும். ஒரு வீட்டுக் கம்பளி முழுவதும் பின்னே கிடக்க, முன்னே இருப்போர் குளிரில் விறைப்பது பரிதாபமான காட்சியாகும்.

அந்நாட்டிலே வானிலைக்கென்றே ஒரு வானொலி உண்டு என்பது நேயர்களுக்குச் சுவையான செய்தியாகும். தேசிய வானிலைச் சேவை ஆயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள் வாயிலாக, பாட்டும் விளம்பரமும் இன்றி, இரவுபகலாக வானிலையை மட்டும் ஒலிபரப்புகிறது. அதிலே வரும் இரு சொற்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ‘விழிப்பு’ என்று அறிவித்தால், புயல் உருவாகத்தக்க சூழ்நிலை இருக்கிறது என்பது பொருள். பயணி தங்குமிடத்தைத் தேடத் தொடங்க வேண்டும். ‘எச்சரிக்கை’ என்றாலோ, அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது அல்லது மிக அண்மித்துவிட்டது. அப்போது தேடுவதற்கு நேரமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. எச்சரிக்கைகள் ‘கவுண்டி’ எனப்படும் சிறு நிர்வாகப் பிரிவுகளின் பெயரால் வாசிக்கப்படும். உள்ளூரார்க்கு அப்பெயர்கள் தெரியும். வழிப்போக்கரோ தாம் எந்தக் கவுண்டியில் நிற்கிறார் என்பதையே அறியார். 2012ஆம் ஆண்டு முதல், ஆபத்துள்ள பகுதியில் இருக்கும் கைத்தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை நேரே சென்று ஒலிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் மலைகளினூடே தொலைபேசிக்கு எட்டாத நெடுவழிகள் பல உள. கவுண்டிகளின் பெயர் குறித்த தேசப்படம் ஒன்று அருகே இருந்தால், வானொலி சொல்வது காதில் மட்டுமன்றிக் கருத்திலும் ஏறும்.

மேற்கு நோக்கிச் செல்லும் லொறி அயோவா, நெபிராஸ்கா ஆகிய சமவெளி மாநிலங்களை அடையும்போது, கோடை மாதங்களில் இடிமின்னற் புயல்களின் நடுவே புகுகிறது. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் தேதி தென் டக்கோட்டாவிலிருந்து ஒகையோ வரை 14 மணிநேரத்தில் 770 மைல் பாய்ந்து சென்ற நேர்கோட்டுப் புயல், அயோவாவின் பெருந்தெருக்களிற் பல லொறிகளைப் பக்கமாகச் சாய்த்தது. சிடார் ரப்பிட்ஸ் நகரத்தை அண்டி அதன் வேகம் மணிக்கு 140 மைலை எட்டியதென்று பின்னர் மதிப்பிட்டனர். இவ்வளவு காற்றிலே ஓட்டும் திறமை என்று ஒன்றில்லை. ஓட்டாதிருக்கும் திறமையே உண்டு.

அங்கே ‘சுழற்காற்று’ எனப்படுவது இலங்கையார் அறிந்த சூறாவளியன்று. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளி, கடலிலே பிறந்து, நாட்கணக்கில் நகர்ந்து, பல மாவட்டங்களை ஒருங்கே மூடுவது. சுழற்காற்றோ முகிலிலிருந்து தும்பிக்கை போல் இறங்கி, ஒரு தெருவை அழித்து அடுத்த தெருவை விட்டுச் செல்லும். எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே பெரும்பாலும் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடங்களே.

சுழற்காற்றைக் கண்ட சாரதிகள் மேம்பாலத்தின் கீழே ஒதுங்குவது நெடுங்காலமாக இருந்துவரும் ஆபத்தான நம்பிக்கை. 1991ஆம் ஆண்டு ஏப்ரிலில் கான்சாஸ் மாநிலத்தில் தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் சிலர் அவ்வாறு ஒதுங்கி உயிர்தப்பிய காட்சி நாடெங்கும் காட்டப்பட்டது. அவர்களுக்குக் கைகொடுத்தது தற்செயல். கண்டவர்களோ அதைப் பாதுகாப்பு முறையென்று கொண்டனர். எட்டாண்டுகள் கழித்து, 1999ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, அதே சமவெளியின் தென்பாகத்திலுள்ள ஒக்லகோமாவிலே சுழற்காற்றுகள் பல இறங்கின. அவற்றுட் பெரியதன் காற்று மணிக்கு 300 மைலை அண்டியது என்று ராடர்க் கருவி காட்டிற்று. அன்று மேம்பாலங்களின் கீழே ஒதுங்கியவருள் மூவர் மாண்டனர். வேறு சிலர் கொடுங்காயமுற்றனர். காரணம் விளங்குவது கடினமன்று. பாலத்தின் கீழுள்ள இடுக்கிற் காற்று குழாயிற் புகுந்த நீர்போல் விரைவடைகிறது. சரிவில் ஏறி மேலே ஒடுங்குபவர் தரையிலும் பார்க்கக் காற்று மிகுந்த உயரத்தில் இருக்கிறார். பறந்து வரும் தகரமும் மரமும் அங்கேயே வந்து குவிகின்றன. போதாக்குறைக்கு, பாலத்தின் கீழ் நிறுத்திய வண்டிகள் பின்னே வருவோர்க்கு வழியையும் அடைத்துவிடுகின்றன.

ஆனால் செய்யத்தக்கது யாது? சுழற்காற்று தொலைவில் இருந்து, வழியும் திறந்திருந்தால், அது செல்லும் திசைக்குக் குறுக்காக விலகி, உறுதியான கட்டடம் ஒன்றை அடைதல் வேண்டும். அண்மித்துவிட்டால், லொறி காப்பாற்றாது. சாலைமட்டத்துக்குத் தாழ்ந்த பள்ளம் ஒன்றில், லொறி உருண்டாலும் மேலே விழாத தூரத்திற் குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுதல் வேண்டும். பள்ளமும் இல்லையெனின், இருக்கைப் பட்டியை அணிந்தபடி யன்னல் மட்டத்துக்குக் கீழே தலையைத் தாழ்த்தி, போர்வையால் மூடி இருப்பதே எஞ்சும் வழி. இவ்விரண்டும் முழுப் பாதுகாப்பு ஆகா. குறைந்த தீமைகள் மாத்திரமே.

இடிமழையோடு வரும் வெள்ளத்தைப் பற்றி இலங்கையார்க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எனினும் பெரிய லொறியின் உயர்ந்த இருக்கை ஒரு பொய்த் துணிவைத் தரும். ஓரடி ஆழமான ஓடும் நீர் சிறு காரை மிதக்கவைக்கும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். நீரின் கீழே சாலை இருக்கிறதா, அரிபட்டுப் போயிற்றா என்பதை எந்தச் சாரதியும் மேலிருந்து காண முடியாது. திரும்பிச் சென்றால் மூழ்காய் என்னும் பொருள்பட அமெரிக்க வானிலைச் சேவை இதனை நான்கு சொற்களில் அடக்கி, வெள்ளம் பாயும் இடங்களிற் பலகையாக நட்டிருக்கிறது.

நெபிராஸ்காவைக் கடந்தபின் சாலை மெல்ல மெல்ல உயர்ந்து வயோமிங் மாநிலத்தை அடைகிறது. செயென், லறமி ஆகிய இரு நகரங்களுக்கு இடையே அது 8,640 அடி உயரத்தைத் தொடுகிறது. இலங்கையின் உச்சியான பீதுருதலாகலை 8,281 அடி உயரமே. பீதுருதலாகலையிலும் உயர்ந்த இடத்தில், மலை என்று தோன்றாத பரந்த வெளியிலே, நான்கு நிரலான பெருந்தெரு செல்கிறது. றொக்கி மலைத்தொடரில் இப்பகுதி ஒரு தாழ்ந்த வாயில். ஆதலினாலேயே 1868ஆம் ஆண்டில் இருப்புப்பாதையும் இதனூடே வந்தது. ஆதலினாலேயே மேற்கிலிருந்து வரும் காற்றும் இவ்வாயிலினூடே நெருக்கிப் பாய்கிறது. மாரிகாலத்தில் 60 மைலைத் தாண்டும் வீச்சு அங்கே அரிதன்று.

லறமிக்கு மேற்கே இருப்புப்பாதையும் பழைய சாலையும் எல்க் மலையைத் தவிர்த்து, வடக்கே வளைந்து செல்கின்றன. புதிய பெருந்தெருவை அமைத்தோர் சில மைல்களை மிச்சப்படுத்துவதற்காக அதனை மலையடிவாரத்தின் வழியே நேராகக் கொண்டுசென்றனர். அவ்விடத்துக் காற்றையும் பனியையும் அறிந்த உள்ளூரார் வேண்டாமென்று தடுத்தும் பயனில்லாது போயிற்று. 1970ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் தேதி சாலை திறக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே பனிப்புயல் அதனை மூடிவிட்டது. பொறியியலாளர் தோற்ற இடத்தில் வேலி வென்றது என்பது இதன் பின்னுரை. அடுத்த ஆண்டு முதல் காற்று வரும் பக்கத்தில் நீண்ட மரவேலிகள் நடப்பட்டன. அவ்வேலி பனியைத் தடுக்கும் சுவரன்று, இடைவெளிகளுள்ள அடைப்பு. காற்று அதனூடே புகும்போது வேகம் தளர்ந்து, சுமந்து வந்த பனியை அப்பாலே போட்டுவிடுகிறது. வேலியின் உயரத்தைப்போல் முப்பத்தைந்து மடங்கு தூரம் விட்டு நட்டால், பனிமேடு சாலையை எட்டாமலே குவிந்துவிடும்.

வேலி பனியைக் குறைத்ததேயன்றிக் காற்றைக் குறைக்கவில்லை. ஆகவே வயோமிங் அதிகாரிகள் பெருந்தெருவுக்கே படலைகள் இட்டிருக்கின்றனர். லறமி, றோலின்ஸ் முதலிய நகரங்களில் விளக்குகள் மின்ன, படலை இறக்கப்பட்டால், அப்பாற் செல்லல் ஆகாது. சில நாட்களில் சாலை யாவர்க்கும் மூடப்படுவதில்லை. சுமை இலேசான, உயர்ந்த உடலுள்ள வாகனங்களுக்கு மட்டும் தடை விதிக்கப்படும். வீட்டுச் சாமான் ஏற்றிய லொறி பெரும்பாலும் இவ்வகையிற் சேர்ந்தது. சிறு கார்கள் விரைந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு நகர விடுதியில் தங்கியிருப்பது மனத்துக்கு ஒவ்வாததுதான். ஆயினும் காருக்குள்ள கணக்கு வேறு, லொறிக்குள்ள கணக்கு வேறு.

பாலங்களைக் குறித்து ஒரு சொல். மண்மேற் செல்லும் சாலைக்கு அடியிலிருந்து சிறிது வெப்பம் கிடைக்கும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்று. ஆகவே சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். உறைந்தது கண்ணுக்கும் தெரியாது. பாலத்தில் ஏறுமுன் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக்கையும் சுக்கானையும் தொந்தரவு செய்யாமல் கடப்பதே முறை.

பனியில் லொறி புதைந்துவிட்டால் அதைவிட்டு இறங்கி உதவி தேடி நடப்பது பேராபத்து. வெண்பனி வீசும்போது பத்தடிக்கு அப்பால் வழி தெரியாது. லொறியோ தேடிவருவோர்க்குத் தெரியும் பெரிய அடையாளம். அதன் உச்சியில் வண்ணத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு உள்ளே இருத்தல் நன்று. குளிர் போக்க இயந்திரத்தை மணிக்குப் பத்து நிமிடமளவு ஓடவிடலாம். அதற்குமுன் ஒவ்வொரு முறையும் புகைபோக்கிக் குழாயைச் சூழ்ந்த பனியை வாரி அகற்றுதல் வேண்டும். குழாய் அடைபட்டால், நிறமும் மணமுமற்ற காபன் மொனொக்சைட் வாயு உள்ளே தங்கி, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். காற்று வராத பக்கத்து யன்னலைச் சிறிது திறந்துவைப்பது குளிரைக் கூட்டினாலும் உயிரைக் காக்கும்.

வழியின் கடைசித் தடை கலிபோர்னியாவின் எல்லையிலே, சியரா நெவாடா மலையில் உள்ள டொனர் கணவாய். இப்பெயர் வீடு மாறச் சென்ற ஒரு கூட்டத்தின் பெயர். 1846ஆம் ஆண்டில், எருது பூட்டிய வண்டிகளில் வீட்டுச் சாமான்களோடும் பிள்ளைகளோடும் மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்கள் சில, குறுக்குவழி என்று கேள்விப்பட்ட பாதையை நம்பிச் சென்றன. அது குறுக்குவழியன்று; உப்புப் பாலைவனத்திலும் மலைக்காட்டிலும் வாரங்கள் பல வீணாயின. கணவாயின் அடியை அவர்கள் அடைந்தபோது ஒக்டோபர் மாதம் முடிந்து, பனி முந்திக்கொண்டுவிட்டது. அடைபட்ட ஏறக்குறைய எண்பது பேரிற் பாதியளவினர் அம்மாரியிற் பட்டினியாலும் குளிராலும் மடிந்தனர். அங்கே எழுப்பிய நினைவுச் சிலையின் பீடம் 22 அடி உயரமுள்ளது. அவ்வாண்டுப் பனியின் உயரத்தைக் காட்டுவதற்காக அவ்வளவு உயர்த்திக் கட்டினர்.

இன்று அதே மலையை லொறி ஓரிரு மணிநேரத்தில் ஏறி இறங்கும். பனி விழும் நாட்களில் ரயர்களுக்குச் சங்கிலி பூட்டாத வாகனங்களைத் தடுத்து நிறுத்தும் சோதனை நிலைகள் வழியில் இயங்கும். கட்டளை மூன்று படிகளாகக் கடுமையாகும். மூன்றாவது படியில் எவ்வகை வாகனத்துக்கும் விலக்கில்லை. சங்கிலியோடு மணிக்கு 25 அல்லது 30 மைலுக்கு மேற் செல்லல் ஆகாது. சங்கிலி பூட்டுவதைக் கொட்டும் பனியில், விறைத்த விரல்களோடு முதன்முதலிற் கற்க முயல்வது வீண். வாடகை லொறிக்குச் சங்கிலி பொருந்துமா, நிறுவனம் அனுமதிக்குமா என்பதைப் புறப்படுமுன்னரே கேட்டறிய வேண்டும். அனுமதியில்லையெனின், சாலை தெளியும் வரை மலைக்கு இப்பாலுள்ள ரீனோ நகரில் தங்குவதன்றி வேறு வழியில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் நாட்களில் வீசிய பனிப்புயலின்போது இக்கணவாய் இரண்டு நாளளவு மூடப்பட்டுக் கிடந்தது. இவ்வாறு மூடிய வழி திறக்கும்போது பெரும்பாலும் சிறு கார்களையே முதலில் விடுவார்கள். லொறிகளுக்கு அனுமதி அதன்பின்னரே கிடைக்கும்.